வீட்டு மிஷினும் பட்டறை மிஷினும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் எழுத நம்மிடையே கற்றவர்கள் இருக்கிறார்கள். நானோ மும்பைத் தையல் பட்டறைகளில் 34 ஆண்டுகள் ஸ்க்ரூ டிரைவரும் எண்ணெய்க் குப்பியுமாகத் திரிந்து ஓய்வு பெற்ற மெக்கானிக். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க அண்ணாச்சி, நாலு குடும்பத்துக்குப் பயன்படும்" என்றார். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பொருளைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் சயான் கோலிவாடாவில் இருக்கும் நம் ஊர்க்காரத் தங்கச்சி ஒருத்தி போன் செய்தாள். "அண்ணே, ஒரு பழைய கறுப்பு மிஷின் விலைக்கு வருது. வெள்ளைக்காரன் காலத்து இண்டஸ்ட்ரியல் மிஷினாம். தோலையே தைக்குமாம். ஸ்கூல் பை ஜாப் ஒர்க் எடுக்கலாம்னு இருக்கேன். சீட்டுப் பணம் கையில இருக்கு. வாங்கட்டுமா?" நேரில் போய்ப் பார்த்தேன். மிஷின் அருமையான மிஷின்தான். ஆனால் ஜாக்கெட்டும் பாவாடையும் தைக்கப் பிறந்த மிஷின். "பைக்கு இது வேண்டாம்மா" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அந்த 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய தமிழர்கள் பலர். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். எனக்குப் பதினொரு வயதாகும்போது அவர் காலமானார். அம்மா வளையலை விற்று ஒரு தையல் மிஷின் வாங்கினாள். விற்ற கடைக்காரர், "இது எதையும் தைக்கும், பயப்படாம எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தார். ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு கேன்வாஸ் பை தைக்கும் வேலை ஏராளமாகக் கிடைக்கும். அம்மா மூன்று டஜன் பைக்கு ஒப்புக்கொண்டாள்.

முதல் டஜனிலேயே ஏழெட்டு ஊசி முறிந்தது. இரண்டாவது டஜனில் தையல் விட்டு விட்டு விழுந்தது. பையின் வாரைப் பொருத்தும் இடத்தில் நான்கு மடிப்பு கேன்வாஸ் வரும். அங்கே சக்கரத்தைக் கையால் பிடித்துத் திருப்பி, ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கினாள். மூன்றாவது டஜன் முடிவதற்குள் மிஷின் இறுகி நின்றுவிட்டது. பை நேரத்துக்குப் போய்ச் சேராததால் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் சாலில் இருந்த மெக்கானிக் அண்ணாச்சி வந்து அடிப்பாகத்தைத் திறந்தார். ஷட்டிலின் கொக்கி முனையை என் விரலால் தடவச் சொன்னார். மொட்டையாக இருந்தது. "மதினி, மிஷின் மேல குத்தம் இல்ல. மாட்டு வண்டியில லாரி லோடு ஏத்துனா அச்சு முறியத்தான் செய்யும்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மொட்டை முனைதான் என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது.

முதலில் பிறந்தது எது?

வீட்டு மிஷின்தான் முதலில் வந்தது, பட்டறை மிஷின் பிறகு பெரிதாக வளர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். தையல் மிஷின் பட்டறைக்காகவே பிறந்தது.

பிரான்ஸ் நாட்டுத் தையல்காரர் பார்த்தலெமி திமோனியே 1830-இல் தம் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸில் ஏறத்தாழ 80 மிஷின்களை வைத்து ராணுவச் சீருடை தைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் 1831-இல் பட்டறைக்குள் புகுந்து மிஷின்களை உடைத்தெறிந்தார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ், ஊசியின் முனைப் பக்கம் காது வைத்து, மேல் நூல் கீழ் நூல் இரண்டையும் பூட்டித் தைக்கும் மிஷினுக்கு 1846-இல் காப்புரிமை வாங்கினார். ஐசக் மெரிட் சிங்கர் 1851-இல் தம் மிஷினைக் கொண்டுவந்தார். அதுவும் கனமான பட்டறை மிஷின்தான். ஆலன் வில்சன் 1854-இல் துணியை நகர்த்தும் பல்லைச் செம்மைப்படுத்தினார். அந்தப் பல் மேலே எழும்பும், துணியைப் பிடித்துத் தள்ளும், கீழே இறங்கும், பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நான்கு அசைவைத்தான் இன்றும் உங்கள் வீட்டு மிஷின் செய்கிறது.

இவர்களுக்குள் காப்புரிமை வழக்குகள் மலிந்தன. கடைசியில் 1856-இல் நான்கு தரப்பும் கூடி, காப்புரிமைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு வாக்கில்தான் சிங்கர் நிறுவனம் குடும்பங்களுக்கென்று சிறிய மிஷினைச் செய்தது. விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. சிங்கரின் பங்காளி எட்வர்டு கிளார்க், கொஞ்சம் முன்பணம் கட்டி எடுத்துப்போய் மாதாமாதம் தவணை கட்டும் முறையைக் கொண்டுவந்தார். நம் பாட்டிமார் தவணையில் மிஷின் வாங்கியதற்கு வேர் அங்கே இருக்கிறது.

1865-இல் வந்த 'நியூ ஃபேமிலி' மாடல்தான் வீடுகளைப் பெரிய அளவில் பிடித்தது. பட்டறை மிஷினின் கனத்தைக் குறைத்து, அசைவுகளை மென்மையாக்கி, பூ வேலைப்பாடு செய்து, கூடத்தில் வைக்கத் தகுந்த பொருளாக மாற்றினார்கள். கனத்தைக் குறைத்தபோது சக்தியையும் குறைத்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டுக்கு வந்த பழைய சிங்கர் மிஷின்களில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில் உள்ள கிளைடுபேங்க் ஊரின் கில்போவி ஆலையில் செய்யப்பட்டவை. 1885-இல் தொடங்கிய அந்த ஆலை 1913-இல் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்களை அனுப்பியது. அங்கே 1911-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் வரலாறு. ஆலை 1980-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் 'சிங்கர்'தான்.

எந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகள்கூடத் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-இல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் இது பற்றிக் கேட்டபோது, மனைவி கையால் தைத்துப் படும் சிரமத்தைக் கண்டு அன்பினால் சிங்கர் செய்த பொருள் அது என்ற கருத்தில் பேசினார். சரி, அந்த மிஷினைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று மறுகேள்வி வந்தது. அத்தகைய ஆலைகள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார். 1930-களில் கல்கத்தாவின் ஜெய் என்ஜினீயரிங் ஒர்க்ஸ் 'உஷா' மிஷினைச் செய்யத் தொடங்கியது. பிறகு பஞ்சாபின் லூதியானா தையல் மிஷினுக்கும் உதிரி பாகங்களுக்கும் பெரிய மையமாக வளர்ந்தது. இன்று உங்கள் தெருக்கடையில் கிடைக்கும் பாபின் கேஸ் லூதியானாவில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு தையல் எப்படி விழுகிறது?

வித்தியாசம் புரிய வேண்டுமானால் ஒரு தையல் விழும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி மேல் நூலை இழுத்துக்கொண்டு துணிக்குள் இறங்குகிறது. அடி வரை போய்ச் சற்றே மேலெழும்போது, நூல் ஊசியின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணியாக வளைந்து நிற்கிறது. அந்தக் கணத்தில் கொக்கியின் முனை வந்து கண்ணிக்குள் நுழைந்து, அதைப் பாபினைச் சுற்றி எடுத்துப் போகிறது. பிறகு மேலே உள்ள லீவர் நூலை இழுக்க, இரண்டு நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. ஊசி மேலே வந்ததும் பல் துணியை அடுத்த தையலுக்குத் தள்ளுகிறது.

கொக்கி முனை ஊசியை ஏறத்தாழ உரசும் தூரத்தில்தான் கடந்து போகிறது. இடையில் ஒரு தாள் நுழையும் இடம்கூட இருக்காது. மெல்லிய துணியில் ஊசி நேராக இறங்கும், சிக்கல் இல்லை. நான்கு மடிப்பு கேன்வாஸிலோ ரெக்ஸினிலோ மெல்லிய ஊசி இறங்கும்போது வளைகிறது. அப்பால் வளைந்தால் கண்ணி கொக்கிக்கு எட்டாமல் தையல் விட்டுப் போகும். இப்பால் வளைந்தால் கொக்கி ஊசி மேலேயே மோதும். ஊசி முறியும், அல்லது கொக்கி முனை மழுங்கும். என் அம்மாவின் மிஷினுக்கு நடந்தது அதுதான். "மோட்டார் சக்தி போதல, பெரிய மோட்டார் போட்டா சரியாயிடும்" என்று சிலர் சொல்வார்கள். பெரிய மோட்டார் போட்டால் அதே மோதல் இன்னும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

பட்டறை மிஷின் எதில் வேறு?

முதலாவது, ஊசி. ஊசிப் பெட்டியில் 14 என்றும் 90 என்றும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். 90 என்றால் ஊசித் தண்டின் குறுக்களவு 0.9 மில்லிமீட்டர். வீட்டு மிஷினில் 18, அதாவது 110 வரை போடலாம். கனத்த தோலுக்கு அதைவிடப் பருத்த ஊசி வேண்டும். பருத்த நூலுக்கும் அகன்ற காது வேண்டும். வீட்டு மிஷினின் கொக்கி, டென்ஷன் தட்டு, பாபின் எல்லாமே மெல்லிய நூலுக்காக அளவெடுத்துச் செய்தவை.

இரண்டாவது, துணியை நகர்த்தும் முறை. வீட்டு மிஷினில் அடியில் உள்ள பல் மட்டுமே நகர்த்துகிறது. மேலே அழுத்தும் கால் சும்மா நிற்கிறது. அதனால் கனத்த இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் அடித்துண்டு முன்னே ஓடும், மேல்துண்டு பின்தங்கும். பையின் இரு ஓரங்களும் சேராமல் போகும். இதற்காகவே வந்தது மூன்று வகை நகர்வும் சேர்ந்த மிஷின். அடியில் பல், மேலே நடக்கும் கால், இவற்றோடு துணிக்குள் குத்தியபடியே ஊசியும் சேர்ந்து நகரும். பழைய சிங்கர் 111W155 அந்த இனத்தின் பெயர்பெற்ற முன்னோர். சோபா உறை, கார் சீட், தோல் பை தைக்கும் இன்றைய மிஷின்கள் பல அதன் வழி வந்தவை.

மூன்றாவது, இடைவெளி. அழுத்தும் கால் வீட்டு மிஷினில் சுமார் 6 மில்லிமீட்டர் உயரும். பட்டறை மிஷினில் முழங்காலால் தள்ளித் தூக்கும் லீவர் உண்டு. 13 மில்லிமீட்டர் வரைகூட எழும்பும். இரண்டு கையும் துணியை விட வேண்டியதில்லை.

நான்காவது, உழைப்பு. வீட்டு மிஷின் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் போட்டால் அதிகம். ஆயத்த ஆடைப் பட்டறைகளில் பரவலாக இருக்கும் ஜூகி DDL-8700 போன்றவை நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடும். அந்த வேகத்துக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியும், தானாக எண்ணெய் ஏற்றும் பம்பும் வேண்டும். வீட்டு மிஷினில் துளித் துளியாக நாம்தான் விட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேகம் வேறு, பலம் வேறு. 5,500 தையல் ஓடும் சட்டை மிஷின் தோலைத் தைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். அது சட்டைக்கான பந்தயக் குதிரை. தோல் மிஷின் மெதுவாக ஓடும், ஆனால் ஒவ்வொரு குத்தும் கனமாக இறங்கும். 'பட்டறை மிஷின்' என்று ஒரே மிஷின் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மிஷின் உண்டு.

கறுப்பு மிஷின்களின் எண்கள்

பழைய கறுப்பு மிஷின்கள் எல்லாம் வார்ப்பிரும்பால் ஆனவை, கனமானவை. அதனால்தான் விற்பவர்கள் எல்லாவற்றையும் 'ஹெவி டியூட்டி' என்று சொல்லிவிடுகிறார்கள். எடையைப் பார்த்து ஏமாறாமல் எண்ணைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் K என்பது கில்போவி ஆலையையும், W என்பது அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஆலையையும் குறிக்கும்.

15K, 66K, 99K, 201K ஆகியவை வீட்டு மிஷின்கள். இவற்றில் 201K பல்சக்கரத்தால் இயங்கும் மிக நேர்த்தியான மிஷின். ஜீன்ஸ் காலை மடித்துத் தைப்பது போன்ற வேலையை இவை தாங்கும். தினமும் எட்டு மணி நேரம் கேன்வாஸ் தைக்கச் சொன்னால் தாங்காது.

31K என்பது தையல்காரர்களின் மிஷின். கோட்டு, பேன்ட், ஓரளவு கேன்வாஸ் வரை தைக்கும். காலால் மிதித்தும் ஓட்டலாம், மோட்டாரும் போடலாம். 96K அதைவிட வேகமான தையலக மிஷின்.

29K-வை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செருப்புத் தைப்பவர்கள் கையால் சுற்றி ஓட்டும் மிஷின் அந்த வகைதான். நீண்ட ஒல்லிக் கை போன்ற அடிப்பாகம் இருக்கும். ஷூவுக்குள் அதை நுழைக்கலாம். இதில் அடியில் பல் கிடையாது, மேலே உள்ள காலே தோலை நகர்த்தும். அந்தக் காலை எந்தப் பக்கமும் முழுச் சுற்றுத் திருப்பலாம். அதனால் ஷூவைத் திருப்பாமலே வேண்டிய திசையில் தைக்கலாம். ஒட்டுப் போடுவதற்கு இதற்கு இணை இல்லை. ஆனால் பாபின் மிகச் சிறியது. நீளமாகத் தைத்துக்கொண்டே போகும் வேலைக்கு ஆகாது.

45K கனத்த தோலுக்கானது. 7-ஆம் வகை இன்னும் பெரியது. கப்பல் பாயும் குதிரைச் சேணமும் தைப்பதற்கென்றே செய்தது. இவற்றில் ஜாக்கெட் தைக்க முயன்றால் துணிதான் கிழியும்.

வாங்கும் முன் ஐந்து சோதனை

ஒன்று: ஊசியைக் கழற்றிப் பாருங்கள். காம்பின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் அநேகமாக வீட்டு மிஷின். முழு உருண்டையாக இருந்தால் அநேகமாகப் பட்டறை மிஷின். ஆனால் நியூ ஃபேமிலி போன்ற மிகப் பழைய வீட்டு மிஷின்களிலும் உருண்டைக் காம்பு உண்டு. எனவே இதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டு: நீங்கள் தைக்கப் போகும் பொருளையே கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் கொடுக்கும் துண்டுத் துணியில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். உங்கள் பையின் மிகக் கனத்த மடிப்பை, நீங்கள் போடப் போகும் நூலால் அங்கேயே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த நூலுக்கு ஏற்ற ஊசியையும் போடச் சொல்லுங்கள்.

மூன்று: ஊசியை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் இறுகினாலோ கட கட என்றாலோ உள்ளே தேய்மானம் இருக்கிறது. பிறகு கொக்கி முனையை நகத்தால் தடவுங்கள். கூராக இருக்க வேண்டும், வழவழப்பாகவும் இருக்க வேண்டும்.

நான்கு: அந்த மாடலுக்கு ஊசியும் பாபினும் உங்கள் பேட்டையில் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். உதிரி பாகம் கிடைக்காத மிஷின் அலமாரிப் பொம்மை.

ஐந்து: வைக்கும் இடத்தைப் பாருங்கள். இதில் நானே ஒருமுறை தவறினேன். கல்யாணமான புதிதில் மாடி வீட்டில் 400 வாட் கிளட்ச் மோட்டாரோடு ஒரு பட்டறை மிஷினை நிறுத்தினேன். அந்த மோட்டார் நாம் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டு மராத்தி ஆஜி மூன்றாம் நாள் மேலே ஏறி வந்து, "என் தட்டு டம்ளர் எல்லாம் ஆடுது, இது வீடா, மில்லா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இப்போது சர்வோ மோட்டார் கிடைக்கிறது. மிதிக்கும்போது மட்டும் ஓடும், சத்தம் குறைவு, மின்சாரமும் மிச்சம். மெதுவாக ஓட்டவும் முடியும். வீட்டில் வைத்துத் தைக்க அதுவே உகந்தது.

இனி அந்தத் தங்கச்சியின் கதைக்கு வருகிறேன். அவளிடம் நான் சொன்னது இதுதான்: "கையில இருக்கற பணத்துக்கு இந்தக் கறுப்பு மிஷினை வாங்கினா நாலு மாசத்துல ரெண்டும் போயிடும், மிஷினும் போகும், வேலையும் போகும். ரெண்டு மாசம் பொறு. பட்டறைகள்ல மிஷின் மாத்தும்போது பழசு வெளிய வரும். நான் பாத்துச் சொல்றேன்." அவளுக்குப் பொறுமை இருந்தது. தீபாவளிக்கு முன்பு, பட்டறையில் ஓடிய நடக்கும் கால் மிஷின் ஒன்று கிடைத்தது. பெல்ட்டை மாற்றி, டைமிங் சரி செய்து கொடுத்தேன். இன்று அவள் தைக்கும் பைகளின் ஓரம் கோணாமல் சேர்கிறது. மாதம் தவறாமல் சீட்டும் கட்டுகிறாள்.

என் அம்மாவும் கடைசியில் அப்படித்தான் மீண்டாள். மெக்கானிக் அண்ணாச்சி ஜாமீன் நின்று, 31K ஒன்றைத் தவணையில் வாங்கிக் கொடுத்தார். அதைக் காலால் மிதித்தே எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தாள். முதல் மிஷினை அவள் விற்கவில்லை. புதுக் கொக்கி போட்டு வைத்திருந்தாள். "அது பாவம்ல, நம்ம தப்புக்கு அதை ஏன் தள்ளணும்?" என்பாள். அவள் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த வீட்டு மிஷினில்தான் போன பொங்கலுக்கு என் பேத்திக்குப் பட்டுப் பாவாடை தைத்தோம். பட்டு சுருங்கவில்லை, ஒரு தையல்கூட விட்டுப் போகவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அம்மாவோ பாட்டியோ மிதித்த கறுப்பு மிஷின் ஒன்று இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். தோல் தைக்கும் என்று நம்பி யாருக்கும் விற்கவும் செய்யாதீர்கள். கீழே இறக்கி, தூசி தட்டி, தையல் மிஷின் எண்ணெய் நாலு துளி விட்டு, புது ஊசி போட்டு ஓட்டிப் பாருங்கள். சமையலுக்கு ஊற்றும் தேங்காயெண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது பிசினாக இறுகிவிடும். ஓடவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்க்ரூ டிரைவரோடு நான் இருப்பேன்.